சிங்கர் மெஷினில் மிதியை மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வலது காலில் போலியோ பாதிப்புள்ள டெய்லர் ஒருவர் எங்களிடம் சிங்கர் மெஷினில் (ஒற்றை ஊசித் தையல் மெஷினில்) தைக்க வந்திருக்கிறார். அவருக்கென்று தனி மெஷின் எங்கே கிடைக்கும்? முதலாளி வாங்கித்தர வேண்டியது கட்டாயமா?"

பெரும்பாலும் தனி மெஷினே தேவைப்படாது என்பதுதான் என் பதில். இருக்கிற மெஷினையே அவருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எந்தக் காலால் எவ்வளவு அழுத்த முடிகிறது, எவ்வளவு நேரத்தில் சோர்வு வருகிறது என்பதை அவரிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். அவரைக் கேட்காமல் முதலாளியும் மெக்கானிக்கும் பேசி முடிவு செய்வதில்தான் பணம் வீணாகிறது.

மிதிக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டார் பொருத்திய மெஷினில் மிதியிலிருந்து கன்ட்ரோல் பாக்ஸுக்குப் போவது ஒரு கம்பிதான். மிதியை இடப்பக்கம் நகர்த்தி அந்தக் கம்பியைச் சரிசெய்வது நல்ல மெக்கானிக்குக் கடினமான வேலை அல்ல. பழகும்வரை அதிகபட்ச வேகத்தைக் குறைத்து வைக்கவும் வழி உண்டு. பழைய கிளட்ச் மோட்டார் என்றால், அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், வேகம் முழுவதும் பாதத்தின் நுணுக்கமான அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. அங்கே முதலில் மோட்டாரை மாற்றுவது நல்லது. இதையெல்லாம் செய்தும் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை (மெஷினின் பாதத்தை) தூக்கும் பட்டை வலது முழங்கால் பக்கம் இருக்கிறது. மிதியை மட்டும் இடப்பக்கம் மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் நெம்புகோலைத் தூக்க வேண்டியிருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது நேரடியான கூலி இழப்பு. அந்தப் பட்டையையும் இடப்பக்கம் கொண்டுவர லேத் பட்டறையில் ஒரு துண்டு கடைந்து வாங்கலாம், அல்லது ஃபுட்டைத் தானாகத் தூக்கும் அமைப்பைப் பொருத்தலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வேலையிடத்தில் அளவுக்கு மீறிய சுமையில்லாத தகுந்த மாற்றங்களைச் செய்து தர வேண்டிய பொறுப்பை அரசு நிறுவனங்கள் மீதே வெளிப்படையாகச் சுமத்துகிறது. தனியாருக்கு விலக்கு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி எழுத வேண்டிய சமவாய்ப்புக் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடும் இடம்பெற வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. தமிழக அரசு வழங்கும் மோட்டார் பொருத்திய தையல் மெஷின் வீட்டிலிருந்து தைப்பவருக்கு உதவும். வரிசையாக மெஷின்கள் போட்டுத் தைக்கும் கம்பெனி லைனின் வேகத்துக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்று. தைக்கும் ஆடையின் ஸ்டைல் மாறும்போதெல்லாம் லைனை மாற்றி அமைப்பது உங்கள் ஊர் வழக்கம். அப்போது அவருடைய மெஷின் வேறொருவர் கைக்குப் போய், மிதி மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆகவே அந்த மெஷின் மீது அவர் பெயரை ஒட்டி, லைனில் அவர் எங்கே போனாலும் அதுவும் கூடவே போக வேண்டும் என்று மெக்கானிக்கிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.