வீடியோவைக் கண்டு நடுங்க வேண்டியவன் யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்களே, அக்காவே, இந்த நேரத்திலும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பாலியல் குற்றவாளிக்குப் பெரிதும் துணை நிற்பது சட்டத்தின் ஓட்டையா, ஊரின் பேச்சா? இதுதான் தலைப்பு. ஊரின் பேச்சே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் பொள்ளாச்சி வழக்கைச் சொன்னார். 2019-ல் புகார், 2025 மே மாதம்தான் தீர்ப்பு, ஆறு வருஷம் இழுத்த சட்டம்தான் குற்றவாளிக்குத் துணை என்றார். சரி, நானும் பொள்ளாச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கும்பல் செய்தது என்ன? பழகினார்கள், நம்ப வைத்தார்கள், கூட்டிப் போனார்கள், வீடியோ எடுத்தார்கள், அப்புறம் அந்த வீடியோவைக் காட்டியே மிரட்டிப் பணமும் நகையும் பறித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். அந்த வீடியோவுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. குற்றம் செய்கிறவனே தன் கையால் எடுத்து வைத்த சாட்சி அது. நியாயமாகப் பார்த்தால் அதைக் கண்டு நடுங்க வேண்டியவன் அவன். ஆனால் நடுங்கியது அந்தப் பெண். இது வெளியே வந்தால் ஊர் யாரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். நாம் என்ன பேசுவோம் என்பதை நம்பித்தான் அவன் அந்தத் தொழிலையே நடத்தினான்.

அது எங்கே உடைந்தது? ஒரு கல்லூரி மாணவி வீட்டில் போய்ச் சொன்னாள். அடிக்கிற, படிப்பை நிறுத்துகிற, அவசரமாக மாப்பிள்ளை தேடுகிற வீடுகளுக்கு நடுவே அந்த வீடு அவள் பக்கம் நின்றது. அந்தக் கும்பல் போட்டு வைத்திருந்த கணக்கில் இப்படி ஒரு வீடு இல்லவே இல்லை. அங்கே தொடங்கியதுதான் கடைசியில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றத்தில் போய் முடிந்தது. எட்டுப் பெண்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். இத்தனை வருஷம் அந்தப் பெண்கள் பிறழாமல் நின்றிருக்கிறார்கள் என்றால் அவர்களைத்தான் இந்த மேடையில் முதலில் வணங்க வேண்டும்.

அதே நேரத்தில் நம் ஊர் என்ன பேசிக்கொண்டிருந்தது? டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே பேச்சு. 'இவளுக எதுக்குக் கார்ல ஏறுனாளுக?', 'பொட்டப் புள்ளைக்கு எதுக்கு போன்?' ஏறச் சொல்லி ஏமாற்றியவனின் அப்பா அம்மாவிடம் போய், 'பையனை எப்படி வளர்த்தீங்க?' என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது, அது சட்டத்தின் ஓட்டை என்று. ஓட்டை எங்கே இருக்கிறது அண்ணே? பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை என்று 1983-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டம் இருந்தும் பெயர் வந்தது, அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அரசுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானபோது நடந்ததும் இதேதான். பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே வந்துவிட்டது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே அவளைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த அறிக்கையை எழுதிய கை எந்தச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து அப்படி எழுதியது? எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. 'அந்த நேரத்துல அங்க அவளுக்கு என்ன வேலை?' என்று கேட்கிற வீட்டில் பிறந்து, அப்படிக் கேட்கிற தெருவில் வளர்ந்து, காக்கிச் சட்டை போட்டு வந்த கை அது. அந்த மாணவி மட்டும் தயங்காமல் புகார் கொடுத்தாள், 2025 ஜூன் மாதமே குற்றவாளி குறைந்தது 30 வருஷம் சிறையில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. புகார் கொடுக்கத் துணிச்சல் இருந்த இடத்தில் சட்டம் ஆறே மாதத்தில் ஓடியிருக்கிறது.

நேரமும் உடையும்தான் காரணம் என்கிறவர்கள் வாச்சாத்திக்கு என்ன பதில் சொல்வார்கள்? 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு பழங்குடிக் கிராமம். அந்தப் பெண்கள் எங்கும் போகவில்லை, தங்கள் சொந்த ஊரில் இருந்தார்கள், தேடி வந்தது சீருடை போட்ட வனத்துறையும் காவல்துறையும். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வெளியே சொல்லப்பட்ட கதை என்ன தெரியுமா? சந்தனக் கட்டை கடத்துகிற ஊர் என்பது. அவர்கள் மேலேயே வழக்குப் போட்டு சேலம் சிறையில் அடைத்தார்கள். ஆனால் வாச்சாத்தி என்கிற ஊர் அந்தப் பெண்களை ஒதுக்கவில்லை, ஊரே வழக்கின் பக்கம் நின்றது, மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் கூட நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 19 வருஷம் இழுத்தது சட்டத்தின் கோளாறு, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அரசாங்கமே எதிரில் நின்ற வழக்கில் கூலி வேலை செய்கிற அந்த மக்கள் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது, ஊர் அவர்கள் கையை விடாததால்தான்.

சட்டம் மாறவே இல்லையா? 1872-லிருந்து நம் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது, புகார் சொல்லும் பெண் பொதுவாகவே ஒழுக்கமில்லாதவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைச் சந்தேகிக்கலாம் என்று. 2002-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அவளுடைய பழைய வாழ்க்கை இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று 2013-ல் எழுதினார்கள். பெண் ஏற்கனவே உறவுக்குப் பழகியவளா என்று பார்ப்பதாகச் சொல்லி இரு விரல் சோதனை செய்கிற மருத்துவர் முறைகேடு செய்தவராகவே கருதப்படுவார் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டில் கேட்கக்கூடாது என்று தடுத்துவிட்ட கேள்வியை நாம் இன்னும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எதிரணி அக்கா கேட்டார், 'பிள்ளையைப் பார்த்து இருந்துக்கோன்னு சொல்றது தப்பா?' தப்பே இல்லை அக்கா, நானும் என் தங்கையிடம் சொல்வேன். ஆனால் போகும்முன் சொல்வதுதான் அக்கறை. அடிபட்டு வந்து நிற்கிறவளிடம் 'அப்பவே சொன்னேன்ல' என்று தொடங்கினால், அடுத்த முறை ஏதாவது நடந்தால் அவள் நம்மிடம் வரமாட்டாள். பார்த்து இருக்கச் சொல்வதும் யாரிடமிருந்து? பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தெரிந்த ஆள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் சொல்கிறது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கட்டிக்கிறேன் என்று சொன்னவன்.

பையன்களைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் மத்திய பெண்கள் குழந்தைகள் அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் சிறுவர்கள். அந்தச் சிறுவர்கள் என்ன உடை போட்டிருந்தார்கள் என்று யாராவது கேட்டோமா? அவர்களிடம் வேறு மாதிரிச் சொல்கிறோம், 'ஆம்பளப் புள்ள, இதையெல்லாம் வெளியில சொல்லலாமா?' என்று. பெண்ணைப் பழி சொல்லி வாயடைக்கிறோம், பையனை வெட்கப்பட வைத்து வாயடைக்கிறோம், இரண்டு இடத்திலும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவன் அதே ஆள்தான்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு நிமிடம் நடுவர் அவர்களே. சட்டத்தின் ஓட்டையை அடைக்கச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கூட வேண்டும். நம் பேச்சை மாற்ற இங்கிருக்கிற தாய்மார்கள் வீட்டுக்குப் போய், அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, 'எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லு, உன்னைத் திட்டமாட்டேன்' என்று இன்றைக்கு ராத்திரியே சொன்னால் போதும். நம் கையில் இருக்கிற காரணம் எதுவோ அதையே பெரிய காரணம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி.