பிராதில் இல்லாததற்குத் தீர்ப்பு இல்லை

நடுவர் அவர்களே, உதகையின் குளிரையும் பொருட்படுத்தாமல் இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, சட்ட மாணவர்களே, வணக்கம். இளம் சட்டப் பட்டதாரிக்கு ஏற்றது நீதிபதிப் பணியா, வழக்கறிஞர் தொழிலா என்ற தலைப்பில், வழக்கறிஞர் தொழிலே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஊதியத்திலிருந்து தொடங்கினார். உரிமையியல் நீதிபதியாகச் சேருபவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய். ஜூனியர் வழக்கறிஞருக்கோ சென்னை, மதுரை, கோவை நீங்கலான ஊர்களில் மாதம் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது என்றார். இரண்டும் உண்மை. ஊதியத்தில் எங்கள் அணி தோற்றது என்றே தாங்கள் குறித்துக்கொள்ளலாம். எங்கள் வாதம் வேறு இடத்தில் இருக்கிறது.

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி கூடலூரில் ஒரு வழக்கறிஞரைத் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பவை, அரசு நிலத்தை அனுமதியின்றி அனுபவிப்பதாகத் தகப்பனார் பெயரில் வருவாய்த்துறை அனுப்பிய பழைய பி-மெமோ, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, பசுந்தேயிலை எடை போட்ட சீட்டுகள். பட்டா இல்லை. அந்த நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, ஜன்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17ஆம் பிரிவுக்குள் அது வருகிறதா, வனத்துறை அதற்கு உரிமை கோருகிறதா, குடும்பம் எந்த ஆண்டிலிருந்து எந்த உரிமையில் அனுபவித்து வருகிறது என்பதையெல்லாம் அந்தச் சீட்டுகளையும் முதியவரின் நினைவையும் ஒப்பிட்டு ஒருவர் கண்டறிந்து, பிராதாக, அதாவது வழக்கைத் தொடுக்கும் மனுவாக, எழுத வேண்டும். அப்படி எழுதப்படாத ஒன்றைப் பிறகு சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னாலும் பயனில்லை. பிராது, எதிர்வாதியின் பதிலுரை ஆகிய வழக்குரையில் இல்லாத செய்திக்குச் சாட்சியம் ஏற்கப்படாது என்பது உரிமையியல் சட்டத்தின் அடிப்படை விதி. நீதிமன்றம் விடை காண வேண்டிய கேள்விகளான எழுவினாக்களும் வழக்குரையிலிருந்தே பிறக்கின்றன. எத்தனை நல்ல நீதிபதி அமர்ந்திருந்தாலும், அவருடைய நீதியின் எல்லையை முதலில் வரைவது ஒரு வழக்கறிஞரின் கை.

புதிய சாட்சியச் சட்டத்தின் 168ஆம் பிரிவு, எந்தக் கேள்வியையும் கேட்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தருகிறதே என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். தருகிறது. ஆனால் அந்த அதிகாரம் தம் முன் வந்த வழக்கில் மட்டுமே பயன்படும். வராத வழக்கைத் தேடி நீதிபதி கூடலூர்ச் சந்தைக்குப் போக முடியாது, போகவும் கூடாது.

இந்த நாட்டின் சட்டத்தையே மாற்றிய இரண்டு வழக்குகளின் வேர் அதே கூடலூரில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஜன்மம் ஒழிப்புச் சட்டம், நீதிமன்றத்தில் எதிர்க்கப்படாமல் சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தர உருவான அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கொய்லோ வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டு சோதிக்கப்படும் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை, நிலம் எவருடையதாக இருந்தாலும் காடு காடுதான் என்று நாடு முழுமைக்கும் வரையறுத்தது. தீர்ப்புகளின் பெருமை நீதிபதிகளுக்கு உரியதே. ஆயினும் கேள்வியைக் கட்டமைத்து மன்றத்தில் நிறுத்தியவர்கள் வழக்கறிஞர்கள். இவ்விரண்டிலும் கதவைத் தட்டியவர்கள் டெல்லி வரை வழக்கு நடத்தும் வசதி உடையவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதே மண்ணில் வாழும் பழங்குடியினரான பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கும் அதே தரமுள்ள வாதம் வேண்டாமா? அவர்கள் பேசும் மொழி புரிந்த, மூன்றாண்டில் மாறுதலாகிப் போய்விடாத, இருபது ஆண்டுகள் அதே ஊரில் நிலைத்திருக்கும் ஒருவரால்தான் அதைத் தர முடியும்.

முன்சீப் என்னும் கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாகத் தொடங்கி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி அம்மையாரை எதிரணி எடுத்துக்காட்டியது. அவர் வழக்கறிஞராகப் பதிவு செய்தது 1950இல், முன்சீப் ஆனது 1958இல். இடைப்பட்ட ஆண்டுகள் எங்கள் அணிக்கு உரியவை. உச்ச நீதிமன்றமும் 2002இல் கைவிட்ட நிபந்தனையை 2025 மே 20 அன்று மீட்டு, உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று ஆணையிட்டது. புத்தக அறிவு மட்டும் போதாது என்பதே அதன் காரணம்.

இறுதியாக ஒன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எதுவாயினும் இலவசமாக வழக்கறிஞர் கிடைக்க வேண்டும். அப்படி வாதாட அமர்த்தப்படும் வழக்கறிஞர்களின் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த உரிமைக்கு மதிப்பு. தேர்ச்சியும் ஊக்கமும் உள்ளவர்கள் அனைவரையும் தேர்வறைக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவர்களைக் கொண்டு அந்தப் பட்டியலை நிரப்புவது நியாயமாகாது. எங்கள் அணிக்குச் சாதகமாகத் தாங்கள் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.