மேடையில் கேட்கும் செவி

அவையோருக்கு வணக்கம். நான் மிருதங்கம் வாசிப்பவன். ஆகவே, கச்சேரி மேடையை நடுவில் அமர்ந்து பார்க்காமல் பாடகரின் வலப்புறத்திலிருந்தே பார்த்துப் பழகியவன். அரங்கேற்றத்துக்குக் காத்திருக்கும் மாணவர்களுக்கு அந்தப் பக்கத்துச் செய்திகளையே சொல்ல விரும்புகிறேன்.

ரசிகர்கள் வந்து அமரும் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டி, வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டித் தம்புராவின் சட்ஜத்தோடு சேர்க்க வேண்டும். குளிர்சாதன அரங்குகளில் தோல் இளகியும் இறுகியும் படுத்தும் பாட்டில், தொடக்கத்தில் பாடும் வர்ணம் முடிவதற்குள் மறுபடி கல்லைத் தேட நேரும்.

என் முதல் மேடையில் சுருதி சரியாகவே நின்றது, நான்தான் நிற்கவில்லை. வீட்டில் பல மாதம் சாதகம் செய்த மிருதங்கச் சொற்கட்டுகளையெல்லாம் ஒரே கீர்த்தனையின் சரணத்தில் கொட்டித் தீர்த்தேன். கைதட்டலும் கிடைத்தது. கச்சேரி முடிந்ததும், உடன் வாசித்த முதிய கட வித்வான், "தம்பி, அந்தச் சரணத்தில் என்ன சாகித்யம் வந்தது?" என்று கேட்டார். சாகித்யம் என்றால் பாட்டின் சொற்கள். அதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் கடத்தைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டார்.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரை (1912–1981) நாங்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குக் காரணம் அவருடைய விரல்களின் வேகம் மட்டுமன்று. பாட்டின் சொல் எங்கே நீள்கிறது, எங்கே நிற்கிறது என்று அறிந்து, அதற்கேற்ப வாசித்தார், அதற்கேற்ப நிறுத்தினார். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியையே அவர் விரும்பியதற்கு ஒரு காரணம், ஒருவரையொருவர் கேட்கும் அந்த நெருக்கமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இது தலைகீழாகிறது: பாடகர் எங்களைக் கேட்கிறார். சபையில் சிலர் காபி குடிக்க எழுந்து போகும் நேரம் அது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, கொஞ்சம் வருத்தம் உண்டு. ஏனெனில், அதுவரை பாடிய வித்வான் அப்போதுதான் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை, அதாவது எட்டு எண்ணிக்கைகளை, வேகம் பிசகாமல் போட்டுக்கொண்டு, எங்களுக்காகத் தன் கையைக் கொடுத்து அமர்ந்திருக்கிறார். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒன்று சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டுகளை வாசித்து, மும்முறை வரும் தீர்மானத்தின் கடைசிச் சொல், பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் விழும் அந்த நொடியில், பாடகரும் வயலினும் பல்லவி வரியைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது மேடையில் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். கணக்கு ஒரு மாத்திரை தவறியிருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை.

இப்போதெல்லாம் கச்சேரிக்கு முன், பாடப்போகும் கீர்த்தனைகளின் சாகித்யத்தைப் பாடகரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். சிலர் வியப்பாகப் பார்க்கிறார்கள். கட வித்வான் இருந்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.