சர்வர் விழுந்துடுச்சா, செக் பண்ணவே முடியலையா? உங்க ஏஐ ஏஜென்ட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

[திரையில்: டெர்மினல், ஒரே ஒரு கர்ல் கமாண்ட்]

இதைப் பாருங்க. கர்ல்ங்கறது ஒரு முகவரிக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதிலை வாங்கற கமாண்ட். அது ஓடி முடிஞ்சு எக்ஸிட் கோட், அதாவது முடிவைச் சொல்ற எண், 0 வந்திருக்கு. 0-ன்னா எல்லாம் சரிதானே? ஆனா சர்வர் அனுப்பின பதில் 500! அப்ளிகேஷன் உள்ளே உடைஞ்சு கிடக்கு. கர்லுக்கு அதைப் பத்தி அக்கறையே இல்ல: கேள்வி போச்சு, பதில் வந்துச்சு, வேலை முடிஞ்சது. ஃபெயில் ஆப்ஷனைச் சேர்த்தாத்தான் 400, அதுக்கு மேல வர்ற பதிலுக்கெல்லாம் 22-ன்னு எக்ஸிட் கோட் கொடுக்கும். இதைக் கவனிக்காம எழுதின, சர்வர் நிலையைப் பார்க்கற ஸ்டேட்டஸ் டூலை ஒரு கோடிங் ஏஜென்ட் கையில கொடுத்தா, உடைஞ்ச சர்வரைப் பார்த்து "நல்லா ஓடுது"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடும்.

பின்னணி ரெண்டே வரி. ஏஜென்ட்டுக்கு டூல் கொடுக்க இப்ப பரவலா இருக்கற வழி எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். ஆந்த்ரோபிக் 2024 நவம்பர்ல வெளியிட்டது. பேரு, விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு கொடுக்கணும்ங்கற வரையறை), இதை வெச்சுத்தான் ஏஜென்ட் உங்க டூலைத் தேர்ந்தெடுக்குது. நீங்க ரீட்மீ ஃபைல்ல பக்கம் பக்கமா எழுதினது அந்த நேரத்துல அதோட கண்ணுல படாது.

அதனால விளக்கத்தை எழுதுவோம். "சர்வர் ஸ்டேட்டஸைச் சரிபார்க்கும்"னு நிறைய பேர் ஒரே வரியில முடிச்சிடறாங்க. எந்த சர்வர்? எப்பக் கூப்பிடணும்? நின்னு போயிருந்தா இதுவே ஸ்டார்ட் பண்ணிடுமா? ஒண்ணுக்கும் பதில் இல்ல.

[திரையில்: புது விளக்கம்]

"லோக்கல் டெவலப்மென்ட் சர்வருக்கு ஒரு ஜிஇடி ரிக்வெஸ்ட் அனுப்பி நிலையைச் சொல்லும். எதையும் ஸ்டார்ட் செய்யாது, நிறுத்தாது. புதிதாக சர்வரை ஓட்டுவதற்கு முன் இதைக் கூப்பிடு. 5 விநாடியில் பதில் வராவிட்டால் காத்திருப்பதை நிறுத்திவிடும். புரொடக்ஷன் சர்வருக்குப் பயன்படுத்தாதே."

அஞ்சு வாக்கியம், போதும். ஏன்னா இது ஏஜென்ட்டோட கான்டெக்ஸ்ட்ல, அதாவது அது ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கற அளவுல, இடம் பிடிக்கும். நீட்டினா மத்த வேலைக்கு இடம் குறையும்.

இப்பத்தான் முக்கியமான பகுதி. டூல் திருப்பித் தர்ற பதில். "ஓடுது", "ஓடலை"ன்னு ரெண்டே நிலை வெச்சா அங்கதான் ஆபத்து. கர்ல் ஏற்கெனவே நமக்குப் பிரிச்சுக் கொடுக்குது. 7 வந்தா கனெக்ஷனே கிடைக்கலை. பெரும்பாலும் அந்த போர்ட்ல, அதாவது சர்வரோட வாசல் எண்ல, யாரும் இல்ல. 28 வந்தா டைம்அவுட். சர்வர் இப்பத்தான் எழுந்துட்டிருக்கலாம், இல்ல எங்கேயோ மாட்டிக்கிட்டிருக்கலாம். 6 வந்தா ஹோஸ்ட் பேரையே கண்டுபிடிக்க முடியலை, அதாவது சர்வரைப் பத்தி நமக்கு எதுவுமே தெரியாது. உங்க போன்ல சிக்னல் இல்லாம கால் போகலைன்னா நண்பர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவீங்களா? ஆனா 6-ஐயும் "ஓடலை"ன்னு சொன்னா, ஏஜென்ட் நல்லா இருக்கற ப்ராசஸைக் கொன்னுட்டு ரீஸ்டார்ட் பண்ணக் கிளம்பிடும்.

அதனால ஒவ்வொரு நிலைக்கும் அடுத்த அடியையும் பதில்லயே எழுதிடுங்க. 28-க்கு: "3 விநாடி கழித்து மறுபடி கேள், மூன்று முறைக்கு மேல் வேண்டாம், பிறகு லாகைப் படி." 6-க்கு: "சர்வரைத் தொடாதே, முகவரியைச் சரிபார்." எனக்கு இந்த மொத்த வேலையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ரெண்டு வரி எழுதினா ஏஜென்ட் நிதானமா நடந்துக்குது!

அடுத்து போர்ட். வெப் ஆப் எழுதறவங்க பயன்படுத்தற வீட்ங்கற (Vite) டெவலப்மென்ட் சர்வர் வழக்கமா 5173-ல ஓடும். அங்க ஏற்கெனவே ஒண்ணு இருந்தா 5174-க்குத் தானா நகர்ந்துடும். ஏஜென்ட் இன்னொரு வொர்க்ட்ரீல (அதே ப்ராஜெக்ட்டோட தனி ஃபோல்டர்ல) புது சர்வரை ஓட்டிட்டு 5173-ஐ செக் பண்ணும். பழைய ஃபோல்டரோட சர்வர் 200-ன்னு, அதாவது எல்லாம் சரின்னு பதில் சொல்லும். திருத்தின கோடு ஏன் தெரியலைன்னு ஏஜென்ட் அதே ஃபைலைத் திரும்பத் திரும்ப மாத்திக்கிட்டே இருக்கும். ஸ்ட்ரிக்ட்போர்ட் செட்டிங்கை ட்ரூன்னு வெச்சா நகராம நின்னுடும். அதோட ப்ராசஸ் எண்ணும், அது ஓடற ஃபோல்டரும் பதில்ல கட்டாயம் வரணும்.

இன்னொண்ணு: பிரவுசர்ல பக்கம் திறக்குது, ஆனா 127.0.0.1-க்கு செக் பண்ணினா 7 வருதா? இந்த சர்வர்களை ஓட்டற நோட்.ஜேஎஸ்ஸோட 17-ஆம் பதிப்புலேருந்து லோக்கல்ஹோஸ்ட், அதாவது உங்க மெஷினோட பேரு, சில மெஷின்கள்ல 127.0.0.1-க்குப் பதிலா ஐபிவி6 முகவரிக்குப் போகும். ஸ்கீமாவுல ஹோஸ்ட் ஃபீல்டோட விளக்கத்துல "லோக்கல்ஹோஸ்ட் என்றே கொடு, எண்ணில் கொடுக்காதே"ன்னு போட்டுடுங்க.

சீக்கிரமா ரெண்டு விஷயம். எம்சிபியில டூல் எதையும் மாத்தாதுன்னு சொல்ற ரீட்ஒன்லிஹின்ட்டை ட்ரூன்னு வெக்கலாம், இந்த டூல் எதையும் மாத்தறதில்லையே. பதில் பிழையான்னு சொல்ற இஸ்எரர் மட்டும் கவனம்: டூலே தடுமாறினாத்தான் அது ட்ரூ. சர்வர் விழுந்திருக்குன்னு கண்டுபிடிச்சது வெற்றிகரமான பதில், பிழை இல்ல.

எழுதி முடிச்சதும் சோதிச்சுப் பாருங்க. சர்வரை நிறுத்திட்டு ஒரு தடவை, 500 அனுப்ப வெச்சு ஒரு தடவை, பதிலை 10 விநாடி தாமதப்படுத்தி ஒரு தடவை, ஹோஸ்ட் பேரைத் தப்பாக் கொடுத்து ஒரு தடவை. டூல் சொன்ன பதிலை மட்டும் பார்க்காதீங்க, அதுக்கப்புறம் ஏஜென்ட் ஓட்டின முதல் கமாண்ட் என்னன்னு பாருங்க. தாமதத்துக்கே அது கில் கமாண்டை எடுத்தா, 28-க்கு எழுதின வரியைத் திருத்துங்க. உங்க ஏஜென்ட் எந்த நிலையில தடுமாறுச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க, அந்த வரியைச் சேர்ந்தே திருத்தலாம்.