முதலில் தெரிந்தது யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

நாமக்கல் பக்கத்தில் நம்பிக்கை மையங்களில் ஆலோசகராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, முடிவைச் சொல்லி, உட்காரவைத்துப் பேசி அனுப்புகிற அறைக்குத்தான் நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே முடிவைக் கேட்ட பெண்களில் பலர் தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். "வீட்டுல எப்படி மேடம் சொல்லுவேன்? நான்தான் கொண்டுவந்தேன்னு சொல்லுவாங்களே" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஒரு பெண் கர்ப்பமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்கிறாள். ரத்தம் எடுக்கிறார்கள். ரத்த வகை, சர்க்கரை, ஹீமோகுளோபின், கூடவே எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுகிறார்கள். அவள் கணவனுக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். இந்தக் கிருமி உடம்புக்குள் போன பிறகும் எட்டு, பத்து வருஷம் வெளியே ஒன்றும் காட்டாமல் இருக்கும். ஆகவே அவனுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. முதல் தாள் அவள் பெயரில் வருகிறது. யார் பெயரில் முதலில் தாள் வந்ததோ அவள்தான் நோயைக் கொண்டுவந்தவள் என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. முதலில் பரிசோதனை செய்துகொண்டவர் வேறு, முதலில் தொற்றியவர் வேறு. இதை இன்றைக்கு இன்னும் இரண்டு முறையாவது சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இந்த நோயின் கதை தொடங்கியதும் இப்படித்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்களின் ரத்தம் அது. வேலூர் மருத்துவமனையில் சோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அந்த இரண்டு மருத்துவர்களும் செய்தது பெரிய காரியம், துணிச்சலான காரியம். ஆனால் சமூகம் அதை எப்படி எடுத்துக்கொண்டது? அந்தப் பெண்கள் காவலில் இருந்தார்கள், ஊசி குத்த முடிந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் தொற்று இருக்கிறது என்று அந்தப் பெண்களில் பலரை அடைத்தே வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு விடுவிக்க வேண்டியிருந்தது. முதலில் சோதிக்கப்பட்டவர்கள் பெண்கள், ஆகவே இது பெண்கள் பரப்பும் நோய் என்று பேச்சு பரவிவிட்டது.

பிறகு வந்த உண்மை வேறாக இருந்தது. சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி 2000-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வாழ்க்கையில் ஒரே ஆணோடு மட்டும் இருந்தவர்கள். பெரும்பாலோர் குடும்பத்தலைவிகள். ஒழுக்கமாக இருந்தால் வராது என்று மேடைக்கு மேடை சொன்னோமே, இந்தப் பெண்களிடம் என்ன சொல்வது? இன்று உலகத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுமிகளும். இந்தியாவில் பத்துக்கு நாலு பேருக்கு மேல்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர், ஊர் வேண்டாம்.

மூன்றாம் மாதத்தில் ஒரு பெண், மாமியாரோடு வந்தாள். முடிவு பாசிட்டிவ். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் சொன்னேன். அழவில்லை. "அவரும் டெஸ்ட் எடுக்கணும்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. நான் சொன்னா அடிப்பாரு" என்றாள். நான் போனில் நோயின் பெயரையே எடுக்கவில்லை. குழந்தைக்காக அப்பாவின் ரத்தமும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வருகிறேன், வருகிறேன் என்றே நாளைத் தள்ளினான். கடைசியில் ஒரு மாலை, மையம் மூடுகிற நேரத்தில், தனியாக வந்து நின்றான். ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தான். வேறொரு மாவட்டத்து மையத்தின் சீட்டு. கல்யாணத்துக்கு முன்பே அவனுக்குத் தெரியும்! சத்து மாத்திரை டப்பாவில் போட்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறான், பாதி நாள் சாப்பிடாமலும் விட்டிருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவனை உட்காரவைத்துப் பேசினேன். அடுத்த நாள் அம்மாவிடம் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றேன். சொன்னான். அந்த அம்மா சுவரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்துவிட்டு, "அந்தப் புள்ள கையால குடுத்த தண்ணிய ஒரு வாரமா நான் வாங்கலையே" என்றார். அப்புறம் ஒவ்வொரு முறையும் மருமகளை ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கிற இடத்துக்கு, கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான். குழந்தை பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்தது, ஆறாவது வாரப் பரிசோதனை, பதினெட்டாவது மாதப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் அவரே வந்தார். குழந்தைக்குத் தொற்று இல்லை.

அவன் சொல்லியிருக்காவிட்டால் அவள் இன்று எந்த வீட்டில் இருப்பாள்? அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், முதலில் சோதிக்கப்பட்டவர்தான் முதலில் தொற்றியவர் என்று ஆகிவிடாது. கர்ப்பப் பரிசோதனைக்கு மனைவி போகிற அன்றே கணவனும் போய் ரத்தம் கொடுக்கட்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே அறையில் முடிவு சொல்லட்டும். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டாரும் சம்மதித்துப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஜாதகம் பார்க்க நேரம் இருக்கிறது, இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அதற்கு முன்னால் வீட்டில் இருந்த பணம் கணவன் வைத்தியத்துக்கே போகும், நகையும் போகும், அவன் இறந்த பிறகு இவளுக்குக் காய்ச்சல் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் கீழே. ஆனால் பெண்கள் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைக்கிறார்கள், விருந்தாளி வந்தால் அன்றைக்கு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சட்டத்தைப் பற்றி நிறைய சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. உங்கள் முடிவைச் சொன்னால் அடிப்பார்கள், துரத்துவார்கள் என்ற பயம் நியாயமாக இருந்தால், அதைக் கணவனிடம் மருத்துவர் சொல்லக் கூடாது. ஆகவே பயம் இருந்தால் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கணவன் வீட்டிலிருந்து வெளியே போ என்றால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்த வீட்டில் வாழ உங்களுக்கு உரிமை தருகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். விதவைகளின் சொத்துப் பங்கு பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன்.

எந்தச் சந்தேகம் என்றாலும் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு இல்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்.