பனிக்கடலின் அடியில் அணு உலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ரஷ்யாவின் வடகோடியில், நோவயா செம்லியா தீவுகளை ஒட்டி இருக்கிறது காரா கடல். சோவியத் ஆட்சிக்காலத்தில் அணுக்கழிவு அடைத்த கொள்கலன்கள் சுமார் 17,000 அங்கே கொட்டப்பட்டன. பழைய அணு உலைகளும் மூழ்கடிக்கப்பட்டன. 1982-இல் கே-27 என்ற நீர்மூழ்கிக் கப்பலை எரிபொருளோடு சேர்த்தே ஒரு விரிகுடாவில் அமிழ்த்திவிட்டார்கள். ஆழம் ஏறக்குறைய 30 மீட்டர்தான். 1993-இல் ரஷ்ய அரசு அமைத்த யாப்லோகோவ் குழுவின் அறிக்கை வந்த பிறகே இவையெல்லாம் அதிகாரபூர்வமாக வெளியில் தெரிந்தன.

கடுங்குளிர் நஞ்சை அடக்கிவைக்கும் என்று எண்ணத் தோன்றும். கதிரியக்கத்துக்குக் குளிரும் வெப்பமும் ஒன்றுதான். அணு உலைகளில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். எந்தக் கடலிலும் அதே கணக்குதான். குளிர் மாற்றுவது உயிர்களின் வேகத்தை. குளிர்நீர் மீனின் உடல் மெதுவாக இயங்குவதால், உள்ளே போன சீசியம் வெளியேறவும் நெடுநாள் பிடிக்கிறது. ஆனால் சீசியம் பொட்டாசியத்தைப் போல நடந்துகொள்ளும் தனிமம். கடல்நீரில் பொட்டாசியம் ஏராளம் என்பதால், நன்னீர் மீனைவிடக் கடல்மீன் சீசியத்தைக் குறைவாகவே ஏற்கிறது. புளூட்டோனியமோ பெரும்பாலும் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஆழமற்ற கரையோரங்களில் அந்தச் சேறு பனிக்கட்டிக்குள் உறைந்து, பனியோடு மிதந்து, எங்கோ தொலைவில் உருகி இறங்கவும் கூடும். பனிக்கடலுக்கே உரிய பயணம் இது.

1989-இல் நோர்வே கடலில் சுமார் 1,680 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது கொம்சொமோலெத்ஸ் என்ற சோவியத் அணு நீர்மூழ்கிக் கப்பல். 2019-இல் நோர்வே ஆய்வாளர்கள் அதன் காற்றோட்டக் குழாயருகே எடுத்த நீரில், லிட்டருக்கு 800 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை சீசியம் இருந்தது. அங்கே வழக்கமான அளவு 0.001 பெக்கரல். ஆழ்கடலின் பெருநீரில் அது விரைவில் கரைந்துபோகிறது. மீன்களுக்குப் பாதிப்பு இல்லை என்றார்கள். நான் அதை ஏற்கிறேன்.

என் கவலை கே-159 என்ற ரஷ்ய அணு நீர்மூழ்கிக் கப்பல் பற்றியது. 2003-இல் பேரன்ட்ஸ் கடலில், இழுத்துச் செல்லும் வழியில் அது மூழ்கி 9 பேர் இறந்தனர். ஏறக்குறைய 800 கிலோ பயன்படுத்திய யுரேனிய எரிபொருள் அதற்குள் இருக்கிறது. கே-27-இன் உலையையாவது மூழ்கடிக்கும் முன் அடைத்தார்கள். இதற்கு அந்த ஏற்பாடும் இல்லை. காட் மீன் வளம் கொழிக்கும் கடலில், துருப்பிடித்த கூட்டுக்குள் அது கிடக்கிறது. கே-27, கே-159 இரண்டையும் மேலே கொண்டுவரத் திட்டம் இருந்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் நோர்வேயும் ஐரோப்பாவும் ரஷ்யாவோடு செய்துவந்த கூட்டுப்பணி நின்றுவிட்டது. போர் எப்படி முடிந்தாலும், முதலில் தூக்கப்பட வேண்டியது கே-159.