கிராமத்துக்குக் குச்சி ஐஸ், நகரத்துக்கு ஃபேமிலி பேக்கா? – சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, வணிகவியல் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "சார், ஐஸ்கிரீம் பத்தி ப்ராஜெக்ட் பண்றேன். கிராமத்துல குச்சி ஐஸும் சின்ன கப்பும் ஓடுது, நகரத்துல ஃபேமிலி பேக் போகுது. ரெண்டு பக்கமும் ருசி வேறன்னு எழுதலாமா?"

அவசரப்படாதீங்க தம்பி. நாக்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வீட்டுல ஃப்ரீசர் இருக்கான்னு பாருங்க. ஒரு லிட்டர் வாங்கினா மிச்சத்தை எடுத்து வைக்கணும்ல? வைக்க இடமில்லாதவங்க, நின்ன இடத்துலயே தின்னு முடிக்கிறதைத்தான் வாங்குவாங்க. நகரத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களும் அப்படித்தான்.

அடுத்தது கரண்ட். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ஐஸ்கிரீமை மைனஸ் 18 டிகிரியில வைக்கணும். கரண்ட் போய்ப் போய் வந்தா உள்ள இருக்கிற பொடிப்பொடி பனித்துகள் உருகும். திரும்ப உறையும்போது அந்தத் தண்ணி பெரிய துகள் மேல போய் ஒட்டிக்கும். இப்படி நாலஞ்சு தடவை ஆச்சுன்னா வாயில வெச்சதும் நறநறங்கும். மூடியைத் திறந்தா மேல பனி பூத்திருக்கும், ஓரமெல்லாம் உள்வாங்கியிருக்கும். அப்படி ஒண்ணை வாங்கி ஏமாந்தவர் அடுத்த தடவை குச்சி ஐஸே போதும்னுவாரு. அது முதல்லயே ஐஸ்தானே, கெட்டுப்போறதுக்கு அதுல வழவழப்பு எங்க இருக்கு? இதைப் போய் "கிராம மக்கள் பழச்சுவையை விரும்புகிறார்கள்"னு எழுதினா, கரண்ட் பண்ண வேலைக்கு நாக்கு மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்.

அதனால "உங்களுக்குப் பிடிச்சது எது?"ன்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. கடைசியா வாங்கினது எது, அப்ப அந்தக் கடையில வேற என்னென்ன இருந்துச்சு, எங்க வெச்சுச் சாப்பிட்டீங்க, இதைக் கேளுங்க. சின்னக் கடையில ஒரே ஒரு ஃப்ரீசர்தான் இருக்கும், சீக்கிரம் விக்கிறதைத்தான் அவர் அடுக்குவாரு. இல்லாத சரக்கை எவரும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஃப்ரீசர் உள்ள கிராமத்து வீடுகளையும் ஃப்ரீசர் உள்ள நகரத்து வீடுகளையும் தனியாப் பிரிச்சு ஒப்பிடுங்க. வருமானமும் ஏறக்குறைய சமமா இருக்கணும். அதுக்கப்புறமும் வித்தியாசம் இருந்தா, ருசியைப் பத்திப் பேசலாம்.

அப்புறம், தலைப்புல 'ஃப்ரோசன் டெசர்ட்'னு போட்டிருக்கீங்க. பல நாட்டுச் சட்டத்துல ஐஸ்கிரீம்னா பால் கொழுப்பு இருக்கணும். அதுக்குப் பதிலா தாவரக் கொழுப்பு போட்டா அந்தப் பேர்ல விக்க முடியாது; நம்ம ஊர்ல அதைத்தான் 'ஃப்ரோசன் டெசர்ட்'னு விக்கிறாங்க. வாங்குறவங்க ரெண்டையும் ஐஸ்கிரீம்னுதான் சொல்லுவாங்க. எதை எண்ணப்போறீங்கன்னு முதல் பக்கத்துலயே எழுதிடுங்க.